கூடை மேல் உட்கார்ந்த சபை

மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தோரு வருடம் எண்ணுவதுதான் எனக்கு உத்தியோகம். வரப்பில் குவித்த உப்பு அம்பாரங்களை எண்ணுவேன், லாரியில் ஏறும் மூட்டைகளை எண்ணுவேன், தலையில் கூடையோடு வரிசையாக வரும் பெண்களை எண்ணுவேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கம்பியைப் பிடிப்பேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணி, பாயசம் பத்தாது என்று சொல்லி, வீட்டுக்காரர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் அலை வந்தது. என் வீடு சாலைக்கு மேற்கே இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்வாய் வழியாகச் சேறு ஏறி உப்பளத்துப் பாத்திகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரே தட்டாகக் கிடந்தன. சாலைக்குக் கிழக்கே கடலோரக் குப்பங்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதை எழுதியவர்கள் நிறையப் பேர். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு ஆறாவது மாதம், மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் என் கண்ணால் பார்த்த ஒரு காலை நேரத்தைப் பற்றி.

அந்தக் குப்பத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித் தருவதாக வந்தது. எத்தனை வீடு என்பதில் சிக்கல். ஊர் சொல்லும் எண்ணிக்கையில் நிறுவனத்துக்கு நம்பிக்கை இல்லை, நிறுவனம் எடுக்கும் எண்ணிக்கையில் ஊருக்கு நம்பிக்கை இல்லை. கடைசியில் ஊர்த் தலைவர்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "அவரு எங்க ஆளும் கிடையாது, உங்க ஆளும் கிடையாது. எண்ணறவரு. அவ்ளோதான்."

எனக்குப் பயம். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் பழி என் மேல்தான் விழும். வெயில் வேறு. சர்க்கரை வியாதிக்காரன் சுடுமணலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் தலைவர் வீடு தேடி வந்து கேட்டதால் மறுக்க முடியவில்லை. மறுநாள் ஷேர் ஆட்டோவில் போய், அந்த ஊர் முறை என்ன என்று அவரிடம் விசாரித்தேன்.

தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். அலை வந்த அன்று தன் படகு போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மணலைத் தோண்டிப் பிணங்களை எடுத்த மனிதர். அவரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

"எங்க ஊர்ல தலைக்கட்டுதான் கணக்கு சார்" என்றார். "கல்யாணம் ஆன ஆம்பள ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்கு வரி கட்டறவன் அவன், சபையில உக்கார்றவனும் அவன். கோயில் முன்னாடி மணல்ல எத்தினி பேரு உக்காந்திருக்கானோ அத்தினி வீடு."

"வர முடியாதவர்களுக்கு?"

"வர முடியலன்னா வூட்லருந்து ஒரு ஆளு வந்து பதிலுக்கு உக்காரலாம். அது பழைய வழக்கம். ஆளே அனுப்பலன்னா அந்தத் தலைக்கட்டு கணக்குல இல்ல. ஊரு கூப்பிட்டா வரணும் சார். அந்தக் கட்டு இல்லன்னா நாங்க அலைக்கு அப்புறம் சோறு தின்னுருக்க மாட்டோம்."

அதுவும் உண்மைதான். நிவாரண அரிசி வந்தபோது அடிதடி இல்லாமல் பங்கு பிரித்த ஊர் அது. தலைக்கட்டு வாரியாகப் பிரித்தார்கள். ஆனால் புருஷன் இல்லாத, பெரிய மகனும் இல்லாத பெண்கள் யாருடைய தலைக்கட்டு? மாமனாருடையது, அல்லது மூத்தாருடையது. மூத்தார் என்றால் கணவனின் அண்ணன். அவர் பங்கிலிருந்து அவர் கொடுப்பதுதான் இவர்களுக்கு. அப்படி அந்த ஊரில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். அரிசியைப் பாதியாகப் பிரிக்கலாம். வீட்டை எப்படிப் பிரிப்பது?

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியை எனக்குப் பல வருடமாகத் தெரியும். மீன்காரி. கருவாடு போட உப்பு வாங்க அளத்துக்கு வருவாள். அளவு குறைந்தால் விடமாட்டாள். "உப்பு சார், படியை நல்லா குலுக்கச் சொல்லு. நீ எண்ணுறியே தவிர பாக்க மாட்டேங்கிற" என்று எல்லோர் முன்னாலும் கத்துவாள். அலைக்கு மூன்று வருடம் முன்னாலேயே கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இருந்த குடிசையை அலை கொண்டுபோனதும், தார்ப்பாய்க் கொட்டகையில் மூத்தார் குடும்பத்தோடு எட்டுப் பேராக இருந்தார்கள். நடுவில் ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

தலைவரிடம் பேசிவிட்டு வெளியே வந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"நீதான் எண்ணப் போறியாமே சார்?"

"ஆமாம்மா."

"என்னை எண்ணுவியா?"

நான் ஊர் முறையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தலையிலிருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"எங்க மூத்தாரு கெட்டவரு இல்ல சார். இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா அவரு வீடு அவருதுதானே? நாளைக்கு அவரு மகனுக்குக் கல்யாணம் ஆவும். வர்ற பொண்ணு, 'யாரு இவங்க, திண்டிக்கு மூணு பேரு'ன்னு கேக்கும். அப்போ இந்த ரெண்டு பொட்டப் புள்ளைங்கள இட்டுனு நான் எங்க போவேன்? ஒரு ரூம் போதும். கதவுக்குத் தாப்பாள் என் கையில இருக்கணும். அவ்ளோதான்."

மனு கொடுத்துப் பாரம்மா என்றேன்.

மனுவெல்லாம் அந்தப் பெண்கள் அதற்கு முன்பே கொடுத்துவிட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. அந்தக் கரையோரம் முழுக்க அப்போது மகளிர் சங்கங்கள் ஒன்று சேர்ந்திருந்தன. உப்பளத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, டிவிஎஸ் வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைக் கூட்டுவாள். மாதம் ஒரு ஊரில் கூட்டம். ஒரு மாதம் பொம்மையார்பாளையம், ஒரு மாதம் கீழ்புத்துப்பட்டுப் பக்கம். எல்லாக் குப்பத்திலும் இதே கதைதான் என்று அங்கே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எல்லா ஊர்ப் பெண்களும் சேர்ந்து போய் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் மனுவை வாங்கிக்கொண்டு, "ஊர் முடிவு பண்ணினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். நிறுவனத்தைக் கேட்டார்கள். "யாரைச் சேர்ப்பது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். எல்லா வழியும் திரும்பி ஊருக்கே வந்து நின்றது. ஊர் என்றால் சபை. சபை என்றால் ஆண்கள்.

எண்ணும் நாளுக்கு முந்தின வாரம் சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வலை பின்னும் கொட்டகையில் நாற்பத்தாறு பெண்கள். டிவிஎஸ் பெண் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். நடுநாயகமாக உட்காரக் கூச்சமாக இருந்தது. மெலிந்த குரல்தான் அவளுக்கு.

"சார், எத்தனை மணிக்கு எண்ணுவீங்க?"

"பத்து மணிக்கு. சபை எப்போதும் அந்த நேரம்தானாமே?"

கொட்டகையே சிரித்தது. எனக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு கிழவி விளக்கினாள்.

"எட்டு மணிக்கு கடல்லருந்து போட்டு வரும். நாங்க மீனை எடுத்து, ஏலம் வுட்டு, கூடையில போட்டுனு ஒம்போது மணிக்கெல்லாம் வெளியூரு போயிடுவோம். திண்டிவனம் பக்கம் ஒருத்தி, வானூரு பக்கம் ஒருத்தி. பத்து மணிக்கு இந்த ஊர்ல பொம்பளையே இருக்க மாட்டா நைனா. அப்போதான் இவனுங்க சபையக் கூட்டறானுங்க. எங்க பாட்டி காலத்துலருந்து அப்படித்தான்."

"இருந்தாலும் என்ன, உள்ள உக்கார வுடுவாங்களா?" என்றாள் இன்னொருத்தி. "சபை மண்ணு மேல பொம்பள குந்தக் கூடாதுன்னு இருக்கு."

"மண்ணு மேலதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

யார் குரல் என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சார் நீங்க கிளம்புங்க, ஆட்டோ போயிடும் என்று மரியாதையாக என்னை வெளியே அனுப்பினார்கள். அந்த யோசனை யாருடையது என்று பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைக் காட்டினாள்.

எண்ணும் நாள் ஆனி மாதத்தில் வந்தது. நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். கரையில் இறங்கியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. அன்றைக்குக் கவளை மீன் அபாரமாக விழுந்திருந்தது. ஃபைபர் போட்டுகள் வரிசையாக மணலில் ஏறியிருந்தன. ஒவ்வொரு வலையிலும் கவளை வெள்ளி வெள்ளியாகச் செவுளில் சிக்கித் தொங்கியது. அந்த மீனை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்க வேண்டும். எல்லா நாளும் ஆணும் பெண்ணும் எதிர் எதிரே உட்கார்ந்து செய்கிற வேலை. அன்று ஆண்கள் மட்டும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காக்கைகள் தலைக்கு மேலே சுற்றின. ஏலம் போட ஆளில்லை, கூடை தூக்க ஆளில்லை. ஒரு வாலிபன் வேகத்தில் ஒரு கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான். "டேய், பூ வெச்சுக்கோடா, கண்ணாடி கொண்டாரவா?" என்று பக்கத்துப் போட்டிலிருந்து ஒருவன் கத்த, அவன் கூடையை அப்படியே போட்டுவிட்டான்.

கோயில் பக்கம் போனேன். வயதானவர்களும் கடலுக்குப் போகாதவர்களுமாக இருபத்தாறு ஆண்கள் முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பினேன்.

தெருவிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் மீன் விற்கிற அலுமினிய அன்னக்கூடை. கழுவித் துடைத்தது. வெயில் பட்டுக் கண்ணைப் பறித்தது. ஆண்களுக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருத்தி தன் கூடையை மணலில் கவிழ்த்து வைத்தாள். டம் என்றது. அவள் அதன் மேல் உட்கார்ந்தாள். பிறகு அடுத்தவள். பிறகு எல்லோரும். மழைக்காலத்தில் தகரக் கூரையில் மழை சேர்ந்து இறங்குகிற சத்தம்போல அது மணல் முழுக்கப் பரவி நின்றது.

உப்பளத்தில் ஆயிரம் தடவை இந்தப் பெண்களை வரிசையாகப் பார்த்தவன் நான். நடந்துபோகிற வரிசையைத்தான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிற வரிசையைப் பார்த்ததில்லை.

"இன்னாது இது?" என்றார் தலைவர்.

ஒரு கிழவரும் எழுந்தார். "கூடை மேல குந்தறீங்களேடி, சோறு போடற கூடை! வெளங்குமா?"

"சபை மண்ணுல குந்தக் கூடாதுன்னீங்க. நாங்க குந்தல. எங்க கூடை மேல குந்தினு இருக்கோம்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "கூடைகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. உங்ககிட்டதான் பாக்கி."

"ஏய், மீன் கெடக்குது அங்க!"

"கெடக்கட்டும். ஊரு கூப்பிட்டிருக்குல்ல? அவரு மீன்கிட்ட நிக்கிறாரு, அவருக்குப் பதிலா வூட்டு ஆளு நான் வந்திருக்கேன். பழைய வழக்கம்தானே தலைவரே?"

நிறுவனத்துப் பொறியாளர், தொப்பி போட்ட சின்ன வயதுக்காரர், என் பக்கத்தில் வந்து காதில் கேட்டார்: "சார், இது அலவ்டா?" தலைவரிடமே கேளுங்கள் என்றேன். தலைவர் கரைப் பக்கம் பார்த்தார். ஆண்களை வரச் சொல்லலாம். வந்தால் வலையில் இருக்கிற கவளை அத்தனையும் வெயிலில் வெந்துவிடும். வராமல் இருந்தால் ஊருக்கு இருபத்தாறே வீடு. பெண்கள் அதைப் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதிலுக்கு வந்தவர்கள் என்று இவர்களை ஏற்றுக்கொண்டால் மட்டுமே ஊர் பிழைக்கும்.

"சரி" என்றார் தலைவர். "வூட்டு ஆளுன்னு கணக்கு வெச்சிக்கறோம். எண்ணுங்க சார்."

நான் ஆண்களை எண்ணி முடித்துப் பெண்கள் வரிசைக்குள் போனேன். விரல் நீட்டி எண்ணக் கூடாது என்பது என் வழக்கம். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே போவேன். முதல் வரிசையின் நடுவில் அந்த மீன்காரி உட்கார்ந்திருந்தாள். பதினோரு பேரும் சேர்ந்து ஓரிடத்தில் இல்லை. மற்றப் பெண்களுக்கு இடையே கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இருங்க சார்" என்று தலைவர் குரல் வந்தது. அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "நீ யாருக்குப் பதிலா குந்தியிருக்கே?"

"எனக்குப் பதிலா யாரு வந்து குந்துவா தலைவரே? அதான் நானே வந்துட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். தலைவர் ஆண்கள் பக்கம் திரும்பி அவளுடைய மூத்தாரைத் தேடினார். அவருக்கு முட்டியில் அடிபட்டிருந்ததால் அன்று கடலுக்குப் போகவில்லை.

"ஏம்பா, உன் தலைக்கட்டுல இருக்கறவ. நீ இன்னா சொல்ற?"

அவர் மணலைப் பார்த்தபடியே இருந்தார். "நான் இன்னாண்ணே சொல்றது. அவ கேக்கறது தப்புன்னு எனக்குத் தோணல."

"உனக்குத் தோணலன்னா ஊரு முறை மாறிடுமா?" என்றார் தலைவர். என்னிடம் திரும்பினார். "புருஷன் இருக்கறவங்கள மட்டும் எண்ணுங்க சார். இவங்களத் தாண்டிப் போங்க."

நான் என்ன செய்ய முடியும்? ஊர் சொல்கிறபடி எண்ண வந்தவன். அவள் முகத்தைப் பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைத்து அடுத்தவளிடம் போனேன். அவள் சின்னப் பெண், இடுப்பில் குழந்தை. நான் தலையசைப்பதற்குள் எழுந்துவிட்டாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ என்னையும் தாண்டிப் போங்க சார்."

அடுத்தவளிடம் போனேன். அவளும் எழுந்தாள். அதற்கு அடுத்து நான் போகவே இல்லை. அந்த வரிசை எழுந்தது. பின் வரிசை எழுந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் எழுந்தது. யாரும் கத்தவில்லை, கை நீட்டவில்லை. மணலிலிருந்து அலுமினியம் உரசி எழுகிற சத்தம் மட்டும். பதினோரு பேர்தான் இப்போது உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் நூற்றுக்கு மேல் பெண்கள் நின்றார்கள். நிற்கிறவர்களை நான் எண்ணக் கூடாது. உட்கார்ந்த தலையைத்தானே எண்ண வேண்டும்? முன்னால் இருந்த ஆண்கள் திரும்பி, ஒரு காட்டைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் அன்று வீடு நிச்சயமாக இருந்தது. உட்கார்ந்தபடி இருந்தாலே போதும். தார்ப்பாய்க் கொட்டகையில் ஆறு மாதம் வெந்தவர்கள், கைக்கு வந்த வீட்டை இன்னொருத்திக்காக இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். கோயிலுக்கு நான் அதிகம் போகிறவன் இல்லை. அங்கே நின்றபோது செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. கழற்றிவிட்டேன். சுட்டது.

மூன்றாவது வரிசையில் தலைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். அதுவரை அவரை நான் கவனிக்கவில்லை. தலைவரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"நீயுமா?" என்றார்.

"பின்ன நான் மட்டும் குந்தியிருந்தா என் மூஞ்சிய எவ பாப்பா?" என்றார் அந்த அம்மாள். "சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லு. வெயில் ஏறுது. வயசான மனுஷன் அவரு, வெறுங்காலோட நிக்கிறாரு."

அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து கத்தினார்கள். "யோவ் தலைவரே! மீனு வெந்துடும் போல இருக்குது! அவளுங்க கேக்கறதக் குடுத்துத் தொலைச்சிட்டு அனுப்பிவிடுய்யா!" ஐந்தாறு போட்டுகளிலிருந்து இன்னும் குரல்கள் சேர்ந்துகொண்டன.

தலைவர் இடுப்பில் கைவைத்தபடி கரையைப் பார்த்தார். கோபமா, யோசனையா என்று சொல்ல முடியவில்லை. பிறகு, அலைக்கு அப்புறம் அந்தப் பிணங்களை எடுத்தபோது எப்படிப் பேசியிருப்பாரோ அப்படி ஒரு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எல்லாரும் குந்துங்க. சார், மொதல்லருந்து எண்ணுங்க. யாரையும் தாண்ட வேணாம்."

டம் டம் என்று மறுபடியும் கூடைகள் கவிழ்ந்தன. நான் முதலிலிருந்து எண்ணினேன். இருபத்தாறு ஆண்கள், நூற்றிருபத்தெட்டுப் பெண்கள். நூற்றைம்பத்து நான்கு தலைக்கட்டு என்று உரக்கச் சொன்னேன். பொறியாளர் எழுதிக்கொண்டார்.

எண்ணியது போதாது. அந்த ஊரில் தலைவர் ஒவ்வொரு தலைக்கட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவரவர் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் முடிந்ததாகக் கணக்கு. தலைவர் மனப்பாடமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். புருஷன் பெயருக்கு மனைவி பதில் சொன்னாள். சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் வேண்டுமென்றே கத்தினார்கள். மூத்தார் பெயர் வந்தது, அவர் பதில் சொன்னார். அடுத்தது அவள்.

தலைவர் செத்துப்போன அவள் புருஷன் பெயரைச் சொன்னார். பதில் இல்லை. மறுபடி சொன்னார்.

"கூப்பிடறேன் இல்ல?"

"அவரை எப்படிக் கூப்பிடுவீங்க தலைவரே? கடலாண்ட போய்க் கூப்பிட்டாலும் நாலு வருஷமா வரல. நான்தானே வந்திருக்கேன்?"

தலைவர் தயங்கினார். அவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினாறு வருடம். இன்னார் பொண்டாட்டி, இன்னாளோட அம்மா. அப்படித்தான் எல்லோரும் கூப்பிட்டது. அவர் மெல்லத் தன் மனைவி பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்குற? அவதான் எதிர்ல குந்தியிருக்காளே" என்றார் அந்த அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

"உன் பேரு இன்னாம்மா?"

அவள் கூடையை விட்டு எழுந்து நின்று சொன்னாள். அளத்தில் படியைக் குலுக்கச் சொல்லிக் கத்துகிற அதே குரல்.

"அடியே, இவ்ளோ நல்ல பேரா உனக்கு? இத்தினி நாளு சொல்லவே இல்லியே!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, சபை முழுக்கச் சிரித்தது. முன்னால் இருந்த கிழவர்களும் சிரித்தார்கள். தலைவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிக் கூப்பிட்டார். இருக்கேன் என்றாள். மீதிப் பத்துப் பேரும் கேட்பதற்கு முன்பே தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள்.

பிறகு நடந்ததுதான் வேகம். சபை முடிந்தது என்று தலைவர் சொன்னதும் மணல் காலியாகிவிட்டது. கூடைகளை நிமிர்த்திக்கொண்டு அத்தனை பேரும் கரைக்கு ஓடினார்கள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தபோது வலைகளின் இருபுறமும் உட்கார்ந்து கவளை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புருஷன்மார்கள் திட்டினார்கள், இவர்கள் திருப்பித் திட்டினார்கள், கைகள் நிற்கவில்லை. கொஞ்சம் மீன் வீணாகத்தான் போயிற்று. அதைக் கருவாட்டுக்கு ஒதுக்கினார்கள். டிவிஎஸ் பெண் அன்று முழுக்க ஊருக்கு வெளியே சாலையில், டீக்கடையில் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. வெளி ஆள் தூண்டிவிட்டாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று உள்ளே வரவே இல்லை. நான் போய் எண்ணிக்கையைச் சொன்னதும் அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த மாதக் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும் சார், மற்ற ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும் என்றாள். சொல்லியிருக்கிறாள். அந்த வருடக் கடைசிக்குள் இன்னும் இரண்டு குப்பங்களில் கூடை கவிழ்ந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

வீடுகள் வர அடுத்த வருடம் ஆயிற்று. இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். எனக்குத் திருப்தியில்லை. ஜன்னல் சின்னதாக இருந்தது, மழைத் தண்ணீர் ஓட வழி வைக்கவில்லை, குளியலறையில் அதற்குள் வலையை அடைத்துவிட்டிருந்தார்கள். பொறியாளரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசி வரிசையில் ஒரு வீட்டு வாசலில் சத்தம் கேட்டது. அந்த மீன்காரிதான். கொத்தனார் ஒருவர் வாசல் படிக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல சிமெண்டு எங்கய்யா இருக்கு? வெறும் மண்ணு. நாளைக்கு என் பொண்ணு கால் வெச்சா உதுந்து போவும்."

"எல்லா வூட்டுக்கும் இதே கலவைதாம்மா."

"எல்லா வூட்டையும் நான் கேட்டனா? இது என் வூடு. திரும்பக் கலந்து பூசு. நான் இங்கியேதான் நிப்பேன்."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் எங்கோ பார்த்தேன். அவர் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் கலவை போட ஆரம்பித்தார். உள்ளே பெரிய பெண் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற என்னை உள்ளே வாங்க என்று கூப்பிடக்கூட மீன்காரிக்கு நேரமில்லை. தண்ணீரை அளந்து ஊற்றச் சொல்லிக் கொத்தனாரை விரட்டிக்கொண்டிருந்தாள்.